தண்டலின் வலக்கண்

கண்ணில் அழுத்தம் ஏறினால் வலிக்காது. நர்சாக வேலை பார்த்த காலம் முழுவதும் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். கேட்டவர்கள் அதிகம் நம்பாததும் இதைத்தான். பல் சொத்தையானால் வலிக்கிறது, காலில் முள் தைத்தால் வலிக்கிறது, கண்ணே போகிறது என்றால் எப்படி வலிக்காமல் இருக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 

சென்ற மாதம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இளம் நர்சுகளோடு பேச அழைத்திருந்தார்கள். அங்கே காற்றைப் புஸ்ஸென்று ஊதி அழுத்தம் பார்க்கிற இயந்திரம் இருக்கிறது. ஆளைப் படுக்க வைக்க வேண்டாம், கண்ணைத் தொடவும் வேண்டாம். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "இவ்வளவு வசதி வந்தும் சொட்டு மருந்தைக் கொஞ்ச நாள்ல நிறுத்திடுறாங்க சிஸ்டர். நீங்கல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?" எனக்கு உடனே மிக்கேல் தண்டல் ஞாபகத்துக்கு வந்தார். அந்த இடத்தில் சொல்லி முடிக்கிற கதையில்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நாசரேத். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் பெண்கள் ஒன்று டீச்சராவார்கள், இல்லையென்றால் நர்சாவார்கள். எனக்குச் சத்தமாகப் பேசத் தெரியாது, அதனால் நர்சானேன். படிப்பு முடித்து, பிரசவ வார்டில் கொஞ்ச காலம் இருந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். பிரிவு என்றால் புறநோயாளிகளுக்கு ஒரு அறை, அதை ஒட்டி ஓர் இருட்டறை, எட்டுக் கட்டில், வாரம் இரண்டு நாள் ஆபரேஷன் தியேட்டர். அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று வரும். கருவிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்காவிட்டால் துருப்பிடித்துவிடும்.

எங்கள் டாக்டர் பெயர் வரதன். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவர். குரலை உயர்த்த மாட்டார். தப்பு நடந்தால் "சிஸ்டர், சிஸ்டர்" என்று இரண்டு தடவை கூப்பிடுவார். ஒரு தடவை கூப்பிட்டால் வேலை, இரண்டு தடவை கூப்பிட்டால் தப்பு. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வருகிறவர் எல்லாரும் "கண்ணு மங்குது" என்றுதான் சொல்வார்கள். மற்ற டாக்டர்கள் அதைக் கேட்டதும் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இவர் பேனாவைத் தொடமாட்டார். "எது மங்குது? நடக்கையிலயா, படிக்கையிலயா, ஆளு முகத்தப் பாக்கையிலயா?" என்று கேட்பார். அவர்கள் யோசித்துப் பதில் சொல்கிறவரை காத்திருப்பார். "பயப்படாதீங்க" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. கெட்ட செய்தியை முதலில் சொல்வார். பிறகு, மிச்சம் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வார்.

அழுத்தம் பார்ப்பதை எனக்குப் பழக்கியவரும் அவர்தான். முதலில் விரல். நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மேலிமை மீது இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து, ஒன்றால் லேசாக அழுத்தி மற்றதால் உணர வேண்டும். பழுத்த திராட்சை மாதிரி இருந்தால் சரி. கோலிக்குண்டு மாதிரி இருந்தால் ஆபத்து. அதன் பிறகுதான் அழுத்தம் அளக்கிற டோனோமீட்டர். ஆளைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைப்போம். கழுத்துப் பித்தானை டாக்டரே கழற்றிவிடுவார். சட்டை கழுத்தை இறுக்கினாலும், மூச்சை அடக்கினாலும் அழுத்தம் பொய்யாக ஏறும். மரத்துப்போகிற சொட்டு விட்டதும் கொஞ்சம் எரியும், பிறகு ஒன்றும் தெரியாது. நோயாளி தன் கட்டைவிரலை முகத்துக்கு நேரே உயர்த்தி அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கருவியின் பாதத்தை ஈதரில் துடைத்து, காயவிட்டு, இமைகளை விரித்துப் பிடித்து, கருவிழி மேல் அதன் சொந்தக் கனத்திலேயே உட்கார விட வேண்டும். நாம் அழுத்தவும் கூடாது, தூக்கவும் கூடாது. மேலே ஒரு சின்ன முள் நாடித் துடிப்போடு சேர்ந்து ஆடும். முள் நன்றாக நகர்ந்தால் கண் மென்மையாக இருக்கிறது என்று அர்த்தம். நகராமல் நின்றால் கண் கல்லாகிவிட்டது. எல்லாக் கருவியிலும் முள் ஏறினால்தான் பயம், இதில் ஏறாவிட்டால்தான் பயம். புதிதாக வருகிறவர்கள் இதில்தான் குழம்புவார்கள்.

வலியோடு வருகிற வகையும் ஒன்று உண்டு. கயத்தாறு பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை ஒரு தடவை பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகத் தலைவலி, வாந்தி. பித்தம் என்று எங்கேயோ கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். கண் சிவந்து, கருவிழி புகை பிடித்த கண்ணாடி மாதிரி இருந்தது. டாக்டர் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கிளிசரினை எலுமிச்சைச் சாற்றில் கலந்து குடிக்க வைத்தோம். மாத்திரை கொடுத்தோம். பைலோகார்பின் சொட்டை விட்டுக்கொண்டே இருந்தோம். அழுத்தம் இறங்கியது. இரண்டாம் நாள் ஒரு சின்ன ஆபரேஷன் செய்தோம், பார்வை மீண்டது. அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போன பிறகு டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "வலிச்சதால வந்தாங்க, வந்ததால பிழைச்சாங்க. வலிக்காதவன் வரமாட்டான் சிஸ்டர்."

அப்படி வலிக்காதவராகத்தான் மிக்கேல் வந்தார்.

தோணியை நடத்துகிறவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்பார்கள். மிக்கேல் கொழும்புக்கு ஓடுகிற ஒரு தோணியின் தண்டல். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த, உயரமான மனிதர். தோளில் எப்போதும் ஒரு லேஞ்சி கிடக்கும். கைக்குட்டையைக் கடற்கரைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வெங்காயமும் வத்தலும் கூரை ஓடும் ஏற்றிப்போய், பாய் விரித்து, காற்றைப் பார்த்துப் போய்வருகிற ஆள். கண்ணாடி வாங்கத்தான் வந்தேன் என்றார். கூட வந்த அவர் மனைவி செசிலி வேறு மாதிரி சொன்னாள்.

"கண்ணாடியெல்லாம் இல்ல சிஸ்டர். இவுக தெருவுல ஆளுகள இடிச்சுக்கிட்டே நடக்காக. இடப்பக்கம் ஆரு வந்தாலும் தெரிய மாட்டேங்குது. கேட்டா எம்மேல கோவப்படுதாக."

நான் அவரை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் கடைசி வரிக்கு முந்தின வரிவரை தடுமாறாமல் படித்தார். செசிலியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலக்கண்ணை அட்டையால் மூடினேன்.

"ஜன்னல எதுக்குச் சாத்துதிய?" என்று கேட்டார்.

முற்பகல் பதினோரு மணி. ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் அட்டையை எடுத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். தானே கையால் வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். எடுத்தார். மறுபடி பொத்தினார். இடக்கண் எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. ஒரு கண் செய்த வேலையை இன்னொரு கண் சத்தமில்லாமல் எடுத்துச் செய்திருந்தது.

இருட்டறையில் டாக்டர் விளக்கு வைத்துக் கண்ணின் உள்ளே பார்த்தார். டோனோமீட்டர் வைத்தபோது இரண்டு கண்ணிலும் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. பிறகு நான் அவரைக் கருப்புத் துணிக்கு முன்னால் உட்கார வைத்தேன். சுவரில் பெரிய கருப்புத் துணி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். நான் கருப்புக் கையுறை போட்டு, குச்சி நுனியில் வெள்ளை மணியை ஓரத்திலிருந்து நகர்த்தி வருவேன். தெரிந்ததும் சொல்ல வேண்டும். வலக்கண்ணில் ஓரங்களிலிருந்து மணி வந்துகொண்டே இருந்தது, அவர் பேசவே இல்லை. புள்ளிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் "இந்தா வந்துட்டு" என்றார். நல்ல கண் என்று அவர் நினைத்திருந்ததும் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இடக்கண்ணு போயிட்டு. திரும்ப வராது. வலக்கண்ணுலயும் போனது போனதுதான். மிச்சமிருக்கிறதக் காப்பாத்தலாம்."

"என்னத்தால இப்படி ஆச்சு?"

"கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். ஊறுற அளவுக்கு வெளிய போகணும். போற மடை அடைச்சுக்கிட்டா?"

"தண்ணி ஏறும்."

"ஏறி நரம்ப நசுக்கும். வலிக்காம நசுக்கும்."

பைலோகார்பின் சொட்டு ஒரு நாளைக்கு நாலு வேளை, கூட ஒரு மாத்திரை. எத்தனை நாளைக்கு என்று தண்டல் கேட்டார். உயிர் இருக்கிறவரை என்றார் டாக்டர். தண்டல் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்றார். கடல் கொந்தளிக்கையிலும் அவர் அப்படித்தான் சரி என்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சொட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பைலோகார்பின் கண்ணின் நடுவிலுள்ள பாப்பாவைச் சுருக்கிவிடும். வெளியேறும் பாதை அதனால் இழுபட்டுக் கொஞ்சம் திறக்கும், அழுத்தம் இறங்கும். ஆனால் பாப்பா ஊசித்துளை அளவு ஆகிவிட்டால் உள்ளே போகிற வெளிச்சமும் குறைந்துவிடும். நட்ட நடுப்பகலில் தெரியாது. பொழுது சாய்கிற நேரத்தில் உலகமே அணைந்த மாதிரி இருக்கும். புருவத்துக்கு மேலே வலிக்கும். மாத்திரை சிறுநீரை அடிக்கடி இறக்கும், விரல் நுனிகளில் எறும்பு ஊரும், வாய் ருசி கெடும். அந்தக் காலத்தில் எங்களிடம் வேறு மருந்து கிடையாது.

நாலைந்து மாதம் கழித்து, இரண்டு நடை கொழும்பு போய்வந்த பிறகு, செசிலி அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். முள் முன்னைவிடவும் குறைவாக நகர்ந்தது. மருந்தை நிறுத்திவிட்டார் என்று கேட்காமலே தெரிந்தது.

"சொட்டு விட்டேன் ஐயா. முதல் நடை முழுக்க விட்டேன்," என்றார் தண்டல். "திரும்பி வரும்போது அந்தி நேரம். கரை கிட்டத்துல. மத்தவனுக்கெல்லாம் வெளிச்சம் கிடக்கு, எனக்கு மட்டும் ராத்திரியாயிட்டு. மணல் திட்டுல தோணிய ஏத்தப் பாத்தேன். எம் மச்சினன் சவேரி சுக்கானப் பிடிச்சுத் திருப்புனான். ஆறு பேரு பிழைச்சது அவனாலதான். மாத்திரையப் போட்டா கை ரெண்டும் மரத்துப்போயி, கயிறப் பிடிச்சிருக்கனா விட்டுட்டனான்னு தெரியல. சோடா குடிச்சாக்கூட செத்த தண்ணி மாதிரி இருக்கு. மருந்த நிறுத்துன மறுநாளே எல்லாம் தெளிஞ்சிட்டு. இப்பச் சொல்லுங்க. சீக்கு என்னைய ஒண்ணும் பண்ணல. மருந்துதான் குருடாக்குது."

நான் அவரைக் கண்டிக்க வாயெடுத்தேன். "சிஸ்டர்," என்றார் டாக்டர், ஒரே தடவை. "பைலோகார்பின் எடுத்துட்டு வாங்க."

தண்டலுக்கு விடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, தன் கண் இரண்டிலும் விடச் சொன்னார். விட்டேன். "இன்னைக்குப் பொழுது சாயுறப்ப உங்க தோணி எங்க நிக்கும்?" என்று தண்டலிடம் கேட்டார்.

அன்று சாயங்காலம் பழைய துறைமுகத்துக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். மதியத்திலிருந்தே டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தார். வரும் வழியில் இன்னொரு தடவை சொட்டு விடச் சொல்லியிருந்தார். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. எனக்குத் தோணிகளின் பாய்மரமும், அதில் கட்டியிருந்த கயிறும், கரையில் அடுக்கியிருந்த மூட்டைகளும் நன்றாகத் தெரிந்தன. டாக்டர் தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். தோணியைக் கட்டியிருந்த வடம் முழங்கால் உயரத்தில் குறுக்கே கிடந்தது. அவர் நேராக அதை நோக்கிப் போனார். தண்டல் கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

"வடம் கிடக்கு ஐயா. காலத் தூக்கி வைங்க."

பிறகு அந்தக் கையை விடவில்லை. தோணியின் பலகைவரை கூட்டிப்போய், திரும்பவும் கூட்டிவந்தார். செசிலி எனக்குப் பக்கத்தில் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கரையேறியதும் டாக்டர் சொன்னார்: "நீங்க சொன்னது சரி. இத விட்டுக்கிட்டு யாரும் தோணி ஓட்ட முடியாது."

தண்டலின் முகம் மலர்ந்தது. டாக்டர் அடுத்ததைச் சொன்னார்.

"மருந்து விடாமலும் நீங்க ஓட்ட முடியாது. விடாம இருந்தா அந்த ஒரு கண்ணும் போயிரும். ஆபரேஷன் பண்ணலாம். தண்ணி வெளிய போக நானே ஒரு மடை வெட்டுவேன். சரியா அமைஞ்சா சொட்டும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். சரியா அமையலன்னா, மிச்சமிருக்கிற பார்வையும் மேசையிலயே போகலாம். ரெண்டும் நடந்திருக்கு. இன்னொண்ணு. கண்ணு பிழைச்சாலும் தண்டல் வேல கூடாது. ஓரப் பார்வை இல்ல. உங்க தோணியில ஆளுக இருக்காங்க. நீங்களா இறங்கலன்னா, சொல்ல வேண்டிய இடத்துல நான் சொல்லுவேன்."

தண்டல் அதுவரை பிடித்திருந்த கையை விட்டார். "நாளன்னைக்கு நடை இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோணியைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் மதியம் செசிலி தனியாக வந்தாள். வராந்தாவில் நின்றபடியே பேசினாள்.

"சரக்கு ஏத்துதாக சிஸ்டர். யாரு சொல்லியும் கேக்கல. நல்லாத்தான் தெரியுதுங்காக. எழுத்தெல்லாம் படிச்சேன்லாங்காக. என்னப் பெத்த ஐயாவும் இப்படித்தான் கடைசியில சுவரத் தடவிக்கிட்டுக் கிடந்தாக. நான் என்ன செய்ய?"

டாக்டர் தியேட்டரில் இருந்தார். வெளியே வந்ததும் விஷயத்தைச் சொல்லி, நான் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "போய் என்ன சொல்லுவீங்க?" என்றார். "சொல்லப்போறதில்ல, காட்டப்போறேன்," என்றேன். அவர் தலையசைத்தார்.

எனக்குத் தோணியில் ஏறியே பழக்கமில்லை. பலகை ஆடியது. வெள்ளைச் சீருடையோடு ஒரு பெண் ஏறிவருவதைப் பார்த்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். தண்டல் பின்பக்கத்தில் சுக்கானுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் மரியாதைக்கு லேஞ்சியைத் தோளிலிருந்து எடுத்தார். ஆனால் முகம் இறுகியிருந்தது.

"ஒரே ஒரு சோதனை தண்டல். இங்கனயே. உங்க இடத்துலயே நின்னுக்கிடுங்க. சுக்கானப் பிடிச்சுக்கிட்டு நேரா பாய்மரத்தப் பாருங்க. தலையத் திருப்பக் கூடாது."

நின்றார். நான் பக்கத்தில் நின்ற அவர் மச்சினன் சவேரியைப் பார்த்துக் கையால் சைகை செய்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டில் ஏற இருந்த அந்த அந்தியிலிருந்து அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மற்றவர்களைத் தோளில் தொட்டுத் தொட்டுக் கூட்டி வந்தார். வெறுங்கால்கள், சத்தமில்லை. தண்டலுக்கு இடப்பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில், தோணியின் ஆட்கள் எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். நடுப்பகல் வெயில். தண்டலின் கண்ணில் அன்று மருந்தும் இல்லை.

"இப்ப உங்க இடப்பக்கம் யாரு நிக்கா?"

"ஒருத்தருமில்ல," என்றார் தண்டல்.

"இப்பத் திரும்பிப் பாருங்க," என்றேன்.

திரும்பினார். ஒருவன் முகத்திலிருந்து அடுத்தவன் முகத்துக்கு அவர் கண் போனது. வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. அவர்களும் அவரைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர்கூடத் தலையைக் குனியவில்லை. அவர் கோபப்படுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் சுக்கானிலிருந்து கையை எடுத்து, லேஞ்சியால் அந்தக் கையைத் துடைத்தார்.

"சவேரி," என்றார். "தோணிய நீ கொண்டு போலே."

என்னோடு பலகையில் இறங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்டார்: "எல்லாரும் நின்னானுவளா சிஸ்டர், ஒருத்தன் பாக்கியில்லாம?" ஆமாம் என்றேன்.

ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போகலாம் என்று டாக்டரே சொன்னார். இந்த ஆபரேஷன் அப்போது புது முறை. முன்பெல்லாம் கண்ணில் நேராக ஓட்டை போடுவார்கள். தண்ணீர் மொத்தமாக இறங்கிக் கண் சுருங்கிப்போகிற ஆபத்து அதில் அதிகம். புது முறையில் வெள்ளைவிழியில் மெல்லிய மூடி ஒன்றைச் செதுக்கித் தூக்கி, அதற்கு அடியில் ஓட்டை போட்டு, மூடியைத் திரும்பவும் தைத்துவிடுவார்கள். தண்ணீர் மூடியின் ஓரத்தில் கசிந்து வெளியேறும். டாக்டர் லீவு போட்டு மதுரைக்குப் போய்ப் பார்த்துப் பழகி வந்திருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியிலும் சிலருக்குச் செய்திருந்தார். ஒற்றைக் கண் மட்டும் இருக்கிறவருக்குச் செய்ததில்லை. அதையும் மறைக்காமல் சொன்னார்.

"என் கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தியள்லா," என்றார் தண்டல். "நீங்களே பண்ணுங்க."

அன்று தியேட்டரில் நான்தான் கருவி எடுத்துக் கொடுத்தேன். கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்க வைத்திருந்தோம், ஆள் விழித்துத்தான் இருந்தார். டாக்டர் மூடியைச் செதுக்குகையில் மின்விசிறியை நிறுத்திவிட்டோம். அவர் நெற்றி வியர்வையை நான் ஒற்றினேன். முடியைவிட மெல்லிய நூல். ஒவ்வொரு முடிச்சுக்கும் இறுக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். தண்டல் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மாதாவைக் கும்பிட்டிருப்பார்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தோம். தண்ணீர் நாங்கள் நினைத்ததைவிட வேகமாக வெளியேறியிருந்தது. கருவிழிக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிற முன்னறை தட்டையாகிப்போய், விரலுக்குக் கண் காற்றிறங்கிய பந்து மாதிரி இருந்தது. முகத்துக்கு முன் கையை ஆட்டினேன். "என்னமோ ஆடுது," என்றார். அவ்வளவுதான் தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னார்: "அழுத்தம் ரொம்ப இறங்கிட்டு. ஆடாம அசையாம கிடக்கணும். தன்னால ஏறுதான்னு பாப்போம். ஏறலன்னா மறுபடி உள்ள போவேன்." அட்ரோபின் சொட்டு விட்டு, மூடிமேல் பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டினோம்.

காற்றில்லாத கடலில் தோணி நிற்கிற மாதிரி நாட்கள் போயின. கடலில் வளர்ந்த மனிதர் கட்டிலில் மல்லாக்கக் கிடந்தார். செசிலி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். இருமல் வந்தால் அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டார். தினமும் காலையில் டாக்டர் வந்து கட்டைப் பிரித்து விளக்கு அடித்துப் பார்ப்பார், "இன்னும் ஏறல" என்றுவிட்டுக் கட்டச் சொல்வார். ஏறினால் அவரே சொல்வார் என்று தண்டலுக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் டாக்டர் விளக்கை வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்திருந்தார். "சிஸ்டர், வந்து பாருங்க," என்றார். கருவிழிக்கும் அதற்குப் பின்னாலுள்ள திரைக்கும் நடுவில் இருட்டாக ஒரு இடைவெளி. முன்னறை திரும்பி எழுந்திருந்தது. நான் தண்டலின் முகத்தை ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் என் கழுத்துப் பக்கம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், உங்க செயின்ல சிலுவ கோணலாக் கிடக்கு."

நேராக்கினேன். செசிலி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு அவருக்குச் சொட்டும் மாத்திரையும் தேவைப்படவில்லை. முள் ஒவ்வொரு முறையும் நல்லபடியாக நகர்ந்தது. கடல் தண்ணீரில் முங்கக் கூடாது, கண் சிவந்தால் அதே நாள் ஓடிவர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். தோணிப் பாய் தைக்கிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. போய்ப் பார்த்தேன். மலைபோல் குவிந்த பாய்த்துணிக்கு நடுவில் உட்கார்ந்து, பெரிய ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தார். தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"நடுவுல மட்டுந்தான் தெரியுது," என்றார். "ஊசி நுழையிற இடமும் நடுவுலதான இருக்கு."

அந்தப் பாயை விரித்துத்தான் சவேரி அந்த வருஷம் மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றில் கொழும்பு போனார் என்று செசிலி சொன்னாள்.

இந்த நோய் குடும்பத்தில் இறங்கும். கூடப் பிறந்தவர்களைக் கூட்டிவரச் சொல்வோம், பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். தண்டல் கூட்டிவந்தார். தம்பிகள் இருவருக்கும் ஒன்றுமில்லை. வேம்பாரில் உப்பளத்தில் வேலை பார்த்த தங்கை ரோஸை அவரே பஸ்ஸில் போய் அழைத்துவந்தார். கண் நன்றாகத் தெரிகிறது, ஒரு நாள் வேலை போகிறது என்று அவள் வழியெல்லாம் சண்டை பிடித்திருக்கிறாள். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. கருப்புத் துணியில் சோதித்தபோது ஓரத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் மறைந்திருந்தது. இவ்வளவு சீக்கிரமாக ஒருவர் எங்களிடம் வந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

பைலோகார்பின் கொடுத்தோம். மறுவாரமே தண்டல் தங்கையோடு திரும்ப வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"விட மாட்டேங்கா சிஸ்டர்," என்றார் தண்டல்.

"எப்படி விடுவேன்? புருவம் தெறிக்கு. சாயங்காலம் உல மூட்டுனா அடுப்பு தெரியல. நல்லாருந்த கண்ணக் கெடுத்துட்டிய எல்லாருமாச் சேந்து."

நான் பதில் சொல்லப் போனேன். டாக்டர் கண்ணாலேயே என்னைத் தடுத்தார். தண்டல் பெஞ்சில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவருக்கு இடப்பக்கம் இருந்ததால், முகத்தைப் பார்க்க அவர் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. அவள் அதைக் கவனித்தாள்.

"மங்கத்தான் செய்யும்ளா," என்றார். "எனக்கும் மங்குச்சு. டாக்டரையாவுக்கும் மங்குச்சு, நான் பாத்தேன். மருந்துல மங்குனது விடிஞ்சா வெளுத்திரும். சீக்குல அணைஞ்சது வெளுக்காது. நான் விடிய விடியப் பாத்துட்டேன்."

ரோஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்த மருந்துக் குப்பியைப் பார்த்தாள். கொண்டையை அவிழ்த்துத் தாழ்த்தி முடிந்துகொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து அண்ணாந்தாள்.

"விடுங்க சிஸ்டர்," என்றாள்.